கேட்டுக்கொண்டு போனார்கள், அப்புறம்?

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் இந்தப் பகுதியில், "உங்கள் ஏரியாவில் அரசு உங்களிடம் கருத்துக் கேட்டதுண்டா, கேட்ட பிறகு என்ன ஆனது, எழுதுங்கள்" என்று இரண்டு வரி போட்டிருந்தேன். இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அல்சூர், ஸ்ரீராம்புரம், முர்பி டவுன், லிங்கராஜபுரம், ஹெப்பால், எலக்ட்ரானிக் சிட்டி என்று பெங்களூரின் எல்லா மூலையிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. "என்னைக் கேட்கவில்லை" என்று எழுதியவர்களைவிட, "கேட்டார்கள், சொன்னேன், அப்புறம் ஒரு தகவலும் இல்லை" என்று எழுதியவர்களுக்குத்தான் மனம் அதிகமாக நொந்திருக்கிறது. முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். சிலது நீண்டுவிட்டது.

*

கேள்வி: அக்கா, எங்கள் ஏரியாவில் மாதாமாதம் கூட்டம் நடக்கிறது. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வருவதை நான் மூன்று தடவை போய்ச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள், என்னிடம் கையெழுத்து வாங்குகிறார்கள், அவ்வளவுதான். மூன்று கூட்டத்துக்கும் அரை நாள் கூலி போச்சு. இனிமேலும் போகணுமா? – தையல் வேலை செய்யும் வாசகி, கிழக்கு பெங்களூரு

பதில்: அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தவரிடம் "போங்கம்மா, அது உங்கள் கடமை" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் நான் கண்ணால் பார்த்த இரண்டு கூட்டங்களைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் பகுதியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் நடக்கும். நீல பிளாஸ்டிக் நாற்காலி, ஒரே ஒரு ஃபேன், வாசலில் பெயரும் போன் நம்பரும் எழுத ஒரு ரிஜிஸ்டர். முதல் தடவை நான் போனபோது நாற்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து சொல்ல, எதிரே உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். முன்வரிசையில் ஒரு பெரியவர், எண்பதை நெருங்கியிருப்பார், மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்திருந்தார். அதற்குள் அவர் இதுவரை கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள், ஒன்பது. அவர் தெருமுனையில் ராஜகாலுவேயின், அதாவது பெரிய மழைநீர்க் கால்வாயின், மேலே போட்டிருந்த சின்னப் பாலம் அடைத்துக்கொண்டு தண்ணீர் பின்னால் ஏறுகிறது. அதைத்தான் அவர் ஒன்பது தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அவர் பேசவில்லை, கத்தினார். கத்திவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த பெண் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். கூட்டம் முடிந்தது.

நாலைந்து மாதம் கழித்து மறுபடி போனேன். ஆள் மாறியிருந்தது, இளம் வயது இன்ஜினியர் ஒரு பெண் வந்திருந்தார். அவர் புதுப் புகார் எதையும் முதலில் கேட்கவில்லை. நோட்டைத் திறந்து போன மாதப் பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு வரியாக வாசித்தார். இது முடிந்தது, இது டெண்டரில் இருக்கிறது, இதற்குப் பணம் இந்த வருடம் கிடையாது. பெரியவருடைய வரி வந்தபோது நிறுத்தி, அவரைப் பார்த்தே சொன்னார். அந்தப் பாலம் இருக்கும் துண்டு நிலம் வேறொரு துறையுடையது, நாங்கள் கை வைக்க முடியாது, இன்ன தேதியில் அவர்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறோம், கடித எண் இது என்று வாசித்தார். பெரியவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த எண்ணை கவரின் மேலேயே எழுதிக்கொண்டார். கத்தவில்லை. "சரிம்மா, அடுத்த மாசம் அவங்க என்ன சொன்னாங்கன்னு சொல்லு" என்றார்.

அன்றைக்குப் பாலம் சரியாகவில்லை, தண்ணீரும் வற்றவில்லை. ஆனாலும் அவர் அடுத்த மாதமும் வந்தார். அரசின் மேல் நம்பிக்கை என்று பெரிய பெரிய கட்டுரைகளில் எழுதுகிறார்களே, அது எப்படி இருக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால், கவரின் மேல் எண் எழுதிய அந்தக் கையைத்தான் காட்டுவேன்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: தனியாகப் போகாதீர்கள். தெருவில் நாலு பேர் முறை வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு நாலு மாதத்துக்கு ஒரு தடவைதான் கூலி போகும். போகிறவர் புதுசாகப் புகார் சொல்லவே வேண்டாம். கூட்டம் ஆரம்பிக்கும்போதே எழுந்து, "போன மாசம் எழுதினதை முதல்ல வாசிங்க" என்று கேட்டால் போதும். அதைக் கன்னடத்தில் கேட்கத் தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் இன்னும் நல்லது. வாசிக்க மறுத்தால், கூட்டக் குறிப்பின் நகல் கேளுங்கள்.

*

கேள்வி: மக்கள் ஒன்று சேர்ந்தால் அரசு கேட்கும் என்பதற்கு எல்லோரும் ஸ்டீல் ஃப்ளைஓவரைத்தான் சொல்கிறார்கள். அப்போது நான் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். நிஜமாக என்ன நடந்தது? – கல்லூரி மாணவர், ஹெப்பால்

பதில்: 2016-ல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து உங்கள் ஹெப்பால் வரைக்கும் 6.7 கிலோமீட்டருக்கு இரும்பில் மேம்பாலம் கட்டப் போவதாக அரசு அறிவித்தது. செலவு சுமார் 1,800 கோடி ரூபாய், வெட்ட வேண்டிய மரங்கள் 812. விமான நிலையத்துக்குப் போகிற வழி என்பதால் அந்தச் சாலையில் நெரிசல் இருந்தது உண்மை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான ஊர்க்காரர்களுக்கு இந்தச் சேதி போய்ச் சேர்ந்தபோது திட்டம் ஏற்கனவே முடிவாகியிருந்தது. அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயிரக்கணக்கானவர்கள் சாலையோரம் கை கோர்த்து நின்றார்கள். "ஸ்டீல் ஃப்ளைஓவர் பேடா" (வேண்டாம்) என்று அட்டை பிடித்துக்கொண்டு. பசுமைத் தீர்ப்பாயம் இடைக்காலத் தடை விதித்தது. லஞ்சப் புகாரும் கிளம்பியது. கடைசியில் 2017 மார்ச்சில் அரசே திட்டத்தைக் கைவிட்டது.

நானும் அன்றைக்கு மேக்ரி சர்க்கிள் பக்கம் நின்றேன். நடைபாதையில் பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா, நம்ம ஊர்க்காரர்தான், "எதுக்குக் கண்ணு எல்லாரும் நிக்கறீங்க?" என்று கேட்டார். விவரம் சொன்னேன். மரங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "இதை முன்னாடியே நம்மளக் கேட்டிருக்கலாம்ல?"

தம்பி, அது வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் எனக்கு அதில் பாதி சந்தோஷம்தான். ஏனென்றால் தெருவில் இறங்கினால்தான் காது கேட்கும் என்ற பாடத்தை ஊர் கற்றுக்கொண்டது, கேட்க ஆரம்பித்தால் திட்டமே போய்விடும் என்ற பாடத்தை அரசு கற்றுக்கொண்டது. இரண்டுமே கெட்ட பாடம். அந்தச் சாலைக்கு வேறென்ன வழி என்று இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய நேரம் கைநழுவிப் போனது.

இப்போது அதே ஹெப்பாலிலிருந்து சில்க் போர்டு வரைக்கும் சுமார் 17 கிலோமீட்டருக்குச் சுரங்கச் சாலை, 17,000 கோடி ரூபாயைத் தாண்டிய மதிப்பீடு. பழைய மேம்பாலத்தின் செலவைப் போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. லால்பாக் ஓரம் நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி 2025-ல் வந்ததும் மறுபடியும் சனங்கள் அட்டையோடு நின்றார்கள். சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கும் கருத்து உண்டு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். பூக்கார அம்மாவின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

*

கேள்வி: புகார் செயலியில் குழியைப் படம் எடுத்துப் போட்டேன். மறுநாளே "தீர்க்கப்பட்டது" என்று செய்தி வந்தது. போய்ப் பார்த்தால் குழி அப்படியே இருக்கிறது. – ஆட்டோ ஓட்டுநர், லிங்கராஜபுரம்

பதில்: குழியால் வண்டிக்குத்தான் கேடு அண்ணா, அந்த ஒரு வார்த்தையால் மனசுக்கே கேடு. "இந்த மாதம் முடியாது" என்று வந்திருந்தால்கூட நீங்கள் பொறுத்திருப்பீர்கள். தேதி தெரிகிற மாதிரி மறுபடி படம் எடுத்து, பழைய புகார் எண்ணைப் போட்டு, தீர்க்கப்படவில்லை என்று திரும்பப் பதியுங்கள். புது எண் வாங்கிப் பதிந்தால் பழையது தீர்ந்த கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

*

கேள்வி: இந்தியாவில் எந்த அமைப்பாவது மக்கள் கருத்தைக் கேட்டு, அதற்கு ஒழுங்காகப் பதிலும் சொல்லியிருக்கிறதா? ஒரு உதாரணம் சொல்லுங்கள் பார்க்கலாம். – மென்பொருள் ஊழியர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: சொல்கிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், நாம் டிராய் என்போமே, அது.

2015-ல் இணைய சமநிலை விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும், எல்லா இணையதளத்தையும் கம்பெனிகள் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற விஷயம். அந்த ஆணையம் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கைக்கு 10 லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் குவிந்தது. அதில் ஒரு தப்பும் நடந்தது, எழுதியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு சேர்த்து எல்லாவற்றையும் பொதுவில் போட்டுவிட்டார்கள், பலருக்குக் குப்பை அஞ்சல் வந்து குவிந்தது. அதைச் சரியென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். டிசம்பரில் கட்டண வேறுபாடு (ஒரு தளத்துக்கு ஒரு கட்டணம், இன்னொன்றுக்கு வேறு கட்டணம்) பற்றித் தனியாக இன்னொரு அறிக்கை, வந்த கருத்துகள் வெளியீடு, அவற்றுக்கு எதிர்க்கருத்துச் சொல்ல அவகாசம், நேரில் பேச ஒரு திறந்த கூட்டம், 2016 பிப்ரவரி 8-ல் அந்த வேறுபாட்டைத் தடுக்கும் விதிமுறை. அந்த விதிமுறையோடு ஒரு விளக்கக் குறிப்பும் இருந்தது. கம்பெனிகள் இப்படிச் சொன்னார்கள், பொதுமக்கள் இப்படிச் சொன்னார்கள், நாங்கள் இந்தக் காரணத்துக்காக இந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அதில் எழுதியிருந்தார்கள். தோற்ற தரப்புக்கும் தாங்கள் ஏன் தோற்றோம் என்று தெரிந்தது. டிராய் சட்டத்திலேயே வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதனால் அவர்களுக்கு வேறு வழியில்லை. சட்டத்தில் எழுதி வைப்பதற்கு இதுதான் பலன்.

மற்ற துறைகளுக்கு என்ன இருக்கிறது? 2014 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. எந்தச் சட்ட வரைவையும் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் துறையின் இணையதளத்தில் போட வேண்டும். நல்ல கொள்கைதான், ஆனால் அது கொள்கை மட்டுமே, சட்டம் இல்லை. கடைப்பிடிக்காவிட்டால் யாருக்கும் தண்டனை இல்லை. 2025 ஜனவரியில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டபோது, வருகிற கருத்துகளை யாருக்கும் வெளிப்படுத்த மாட்டோம், தொகுத்த சுருக்கத்தைப் பின்னால் வெளியிடுவோம் என்றார்கள். பயமில்லாமல் எழுதுவதற்காக என்று காரணம் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தனி ஆட்கள் பேரைப் போட வேண்டாம், ஆனால் எந்தக் கம்பெனி எந்த விதியை மாற்றச் சொன்னது என்று தெரியாவிட்டால், கடைசியில் விதி மாறும்போது யாருக்காக மாறியது என்று நமக்கு எப்படித் தெரியும்?

*

கேள்வி: நான் பிறந்ததே ஸ்ரீராம்புரம்தான். கன்னடம் பேசுவேன், படிக்கத் தெரியாது. அரசு நோட்டீஸ் எல்லாம் கன்னடத்திலோ இங்கிலீஷிலோதான் வருகிறது. நம்மை மாதிரி ஆட்களுக்குக் கருத்துச் சொல்ல உரிமையே இல்லையா? – வாசகி, வயது 67

பதில்: உரிமை இருக்கிறது அம்மா, முழுசாக இருக்கிறது. மொழி விஷயத்தை நேராகவே பேசிவிடுகிறேன். கர்நாடகத்தில் கூட்டம் கன்னடத்தில் நடப்பது நியாயம், அதில் நமக்கு மனத்தாங்கல் இருக்கக் கூடாது. நம் பிள்ளைகள் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். அதே நேரம், ஐம்பது வருடமாக இந்த ஊரின் சாலையில் நடந்து இந்த ஊருக்கே வரி கட்டிய ஒருவருக்குத் தன் வீட்டு முன்னால் என்ன வரப்போகிறது என்று புரிய வேண்டும். தமிழில் அச்சடித்த காகிதம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எழுந்து நின்று நாலு வார்த்தை விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும். உங்களை மாதிரியேதான், உருது பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் அதே ஹாலில் புரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

புரியாத மொழியில் கேட்பது கேட்டதாகாது என்பதை நீதிமன்றமே ஒருமுறை காட்டியிருக்கிறது. 2020 மார்ச்சில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை, அதாவது ஒரு திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று பார்க்கிற விதிகளின் வரைவை, மத்திய அரசு வெளியிட்டது. நாட்டின் காடு, ஆறு, கடற்கரை எல்லாவற்றையும் தொடுகிற விஷயம், ஆனால் வரைவு இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. கோவிட் ஊரடங்கு வேறு. அந்த வருடம் ஜூன் 30-ம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இருக்கிற 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்த்து வெளியிடச் சொன்னது, கருத்துச் சொல்லும் கெடுவையும் நீட்டியது. மத்திய அரசு அதை ஏற்காமல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது.

இதே விஷயத்துக்கு நடைமுறையில் இருக்கிற 2006-ம் வருட அறிவிக்கையில் ஓர் ஏற்பாடு உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரிய தொழிற்சாலை, சுரங்கம் போன்றவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடத்தும்போது, கூட்டம் முடிவதற்கு முன்னால் யார் யார் என்ன சொன்னார்கள் என்ற சுருக்கத்தை அங்கேயே, உள்ளூர் மொழியில், வந்திருக்கும் எல்லார் முன்னாலும் வாசித்து விளக்க வேண்டும். முழுக் கூட்டத்தையும் வீடியோ எடுக்க வேண்டும். தான் சொன்னதைச் சரியாகத்தான் எழுதினார்களா என்று ஒரு விவசாயி காதால் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். சுரங்கத்துக்கு இருக்கிற இந்த விதி ஏன் ஒரு வார்டுச் சாலைக்கு இருக்கக் கூடாது?

*

கேள்வி: நம் குடவோலை முறைதான் உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக் கொடுத்தது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், அல்சூர்

பதில்: ஐயா, பாதி உண்மை. மீதிப் பாதியையும் சேர்த்துச் சொன்னால்தான் நமக்கு மரியாதை.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, கி.பி. 919, 921 வாக்கில். ஊரை 30 குடும்பாக (இன்றைய வார்டு மாதிரி) பிரித்து, தகுதியுள்ளவர்கள் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி, வாரியம் என்ற ஊர்க் குழுக்களின் உறுப்பினரைத் தேர்ந்தார்கள். ஆனால் ஓலையில் பேர் வர வரி கட்டுகிற சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35 முதல் 70-க்குள் வயது வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். பிராமணர்களின் சபை அது. அந்த ஊரில் உழுதவருக்கும் நெய்தவருக்கும் குடத்தில் இடமில்லை, எந்தப் பெண்ணுக்கும் இடமில்லை. அதை இன்றைய ஜனநாயகம் என்று சொல்வது உழுதவரை மறுபடியும் வெளியே நிறுத்துவது.

ஆனால் அதே கல்வெட்டில் ஒரு விதி இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பேரை ஓலையில் எழுதவே கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பேரையும் எழுதக் கூடாது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாம் பெருமைப்பட வேண்டியது இந்த வரிக்கு.

குலுக்கிப் போட்டு ஆள் எடுக்கும் பழக்கம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அயர்லாந்தில் 2016-ல் ஒரு குடிமக்கள் பேரவை கூட்டினார்கள். 99 சாதாரண மனிதர்கள், வாக்காளர்களிலிருந்து குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், தலைமைக்கு ஒரு நீதிபதி. கருக்கலைப்பு அந்த நாட்டில் குடும்பங்களையே இரண்டாக்கிய விஷயம். இவர்கள் வார இறுதிகளில் உட்கார்ந்து மருத்துவர்களையும் சட்ட அறிஞர்களையும் இரண்டு பக்கத்துக்காரர்களையும் கேட்டுவிட்டு, கருக்கலைப்பைத் தடுத்த அரசியல் சட்டப் பிரிவை மாற்றலாம் என்று பரிந்துரைத்தார்கள். அது நாடாளுமன்றக் குழுவுக்குப் போய், அங்கிருந்து பொது வாக்கெடுப்புக்குப் போய், 2018 மே 25-ல் 66.4 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அந்த விஷயத்தில் உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும் ஐயா. 99 பேர் பேசியது அலமாரிக்குள் போகாமல் படிப்படியாக எங்கே போனது என்று நாடே பார்த்தது, நான் சொல்ல வந்தது அதைத்தான்.

*

கேள்வி: பெங்களூரில் கவுன்சிலரே இல்லாமல் இத்தனை வருடம் ஓடிவிட்டது. கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினால் போதாதா? – குடியிருப்போர் சங்கச் செயலர், கே.ஆர்.புரம்

பதில்: போதாது. கடைசியாக மாநகராட்சித் தேர்தல் நடந்தது 2015-ல். அந்தக் கவுன்சில் 2020 செப்டம்பரில் முடிந்தது, அதற்கப்புறம் ஐந்து வருடம் தாண்டியும் அதிகாரிகள் ஆட்சிதான். வார்டு எண்ணிக்கையை 198-லிருந்து மாற்றினார்கள், திரும்ப மாற்றினார்கள், 2025-ல் ஒரே மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தார்கள். கருத்துக்கேட்பில் நாம் சொன்னதைச் செய்யாவிட்டால் யாரை வீட்டுக்கு அனுப்ப முடியும்? கவுன்சிலர் வாசலில் காலை ஏழு மணிக்குப் போய் நிற்க முடிந்தது, அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடிந்தது. அதிகாரியிடம் அதைச் சொல்ல முடியாது. மூன்று லட்சமோ அதற்கு மேலோ சனத்தொகை உள்ள நகரத்தில் வார்டு குழு இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே 1993 முதல் இருக்கிறது, அதையும் கவுன்சிலையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். ஒன்று இன்னொன்றுக்குப் பதில் ஆகாது.

உங்கள் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டங்களில் பேசுவது பெரும்பாலும் அபார்ட்மெண்ட்காரர்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா உங்கள் வீட்டில்தான் இருப்பார். அவர் தெருவுக்கும் அதே ஹாலில்தான் முடிவு நடக்கிறது. அன்றைக்கு ஒரு மணி நேரம் லீவு கொடுத்து அவரையும் கூட்டிப் போங்கள்.

*

கேள்வி: நான் ஒரு அரசுத் துறையில் உதவி இன்ஜினியர். கூட்டத்துக்குப் போனால் திட்டுதான் கிடைக்கிறது. பணம் ஒதுக்குவது நான் இல்லை, டெண்டர் போடுவது நான் இல்லை. எல்லாருக்கும் கோபத்தைக் கொட்ட நான்தான் கிடைத்தேனா? வீட்டில் என் பிள்ளையே "ஏன்ப்பா உங்களை வீடியோல எல்லாரும் திட்டறாங்க?" என்று கேட்கிறான். – பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் சார். முடிவெடுக்க அதிகாரம் இல்லாதவரை முன்னால் உட்கார வைத்துவிட்டு, அதிகாரம் உள்ளவர்கள் பின்னால் இருந்துகொள்வது உங்களுக்கும் அநியாயம், வந்து உட்கார்ந்த சனங்களுக்கும் அநியாயம். இதை உங்கள் மேலிடத்துக்குக் கேட்கும்படிதான் எழுதுகிறேன்: மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கையெழுத்துப் போடும் அதிகாரி அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

அதுவரை உங்கள் கையில் இருப்பது ஒன்று உண்டு. கூட்டம் தொடங்கும்போதே, "இந்த விஷயங்களை நானே செய்ய முடியும், இவற்றை மேலே எழுதத்தான் முடியும், இது ஏற்கனவே முடிவாகிவிட்டது, இதில் உங்கள் கருத்தால் எதுவும் மாறாது" என்று சொல்லிவிடுங்கள். கடைசியில் இருப்பதைச் சொல்ல உங்களுக்குப் பயமாக இருக்கும். ஆனால் பாதை முடிவான பிறகு பாதை எங்கே போகலாம் என்று கேட்டு வாங்கிய கருத்துதான் பின்னால் கோபமாகத் திரும்பி வருகிறது. பாதை முடிவு, பஸ் நிறுத்தம் எங்கே, மழைநீர் எப்படிப் போகும், கடைக்காரர்களுக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், இதையெல்லாம் நீங்கள் சொல்லுங்கள் என்றால் சனங்கள் சொல்வார்கள். எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும் என்று உங்கள் வரைபடத்தைவிட அந்தத் தெருவின் இட்லிக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

முதல் பதிலில் ஒரு இளம் இன்ஜினியரைப் பற்றி எழுதியிருக்கிறேன், படித்துப் பாருங்கள். அவருக்கும் உங்களைவிட அதிகமான அதிகாரம் இல்லை. ஒரு நோட்டும் போன மாதப் பக்கமும்தான் அவரிடம் இருந்தது.

*

கேள்வி: எங்கள் தெருவின் பார்க்கில் பாதியை எடுத்து ஏதோ கட்டடம் கட்டப் போகிறார்கள். ஆட்சேபனை கொடுத்தோம், 60 வீட்டுக் கையெழுத்து. பதிலே இல்லை, வேலை தொடங்கிவிட்டது. இனி என்ன செய்யலாம்? – வாசகர், முர்பி டவுன்

பதில்: வழக்குப் போடுவதா என்பதை ஒரு வக்கீலிடம் உடனே கேளுங்கள், வேலை நடக்கும்போது நாள் முக்கியம். கூடவே இதையும் செய்யுங்கள்.

தகவல் உரிமைச் சட்டம் என்றால் காகிதம் கேட்பதற்கு மட்டும் என்று நினைக்கிறோம். 2005-ல் வந்த அந்தச் சட்டத்தின் நான்காவது பிரிவில், பொதுமக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவை அறிவிக்கும்போது அது பற்றிய விவரங்களை அரசு தானாகவே வெளியிட வேண்டும், முடிவால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. நீங்கள் கேட்காமலே அவர்கள் சொல்லியிருக்க வேண்டியது அது. அதனால் மனுவில் மூன்றை மட்டும் கேளுங்கள்: இன்ன தேதியில் கொடுத்த எங்கள் ஆட்சேபனை எந்தக் கோப்பில் இருக்கிறது, அதன் மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், எங்கள் ஆட்சேபனையை ஏற்காததற்குப் பதிவான காரணத்தின் நகல். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேள்வியாக எழுதினால் தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள், நகல் என்றே கேளுங்கள்.

கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள். கட்டணம் 10 ரூபாய். கன்னடத்தில் எழுதினால் சீக்கிரம் நகரும், இங்கிலீஷிலும் எழுதலாம். எழுதத் தெரியாதவர் நேரில் போய் வாயால் சொன்னால் அதை எழுதித் தர உதவ வேண்டியது தகவல் அதிகாரியின் பொறுப்பு, ஆறாவது பிரிவு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் ஆகாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

60 வீட்டில் யாராவது ஒருவர் பேரில் மட்டும் போடாதீர்கள். மூன்று நான்கு பேர் தனித்தனியாகப் போடுங்கள், ஒருவர் ஊருக்குப் போய்விட்டாலும் மனு நிற்காது. வருகிற பதிலை, அது ஒரே வரியாக இருந்தாலும், நகல் எடுத்து பார்க் கேட்டில் ஒட்டுங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.